நஸீறாவுக்கு நஸீறா எழுதிக்கொள்வது

என் கூடப்பிறந்த காக்கா பாறூக் மௌத்தாகி, அவருடைய மனைவி நஸீறா நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தாவில் இருந்த நாட்களில் எங்கள் குடும்பத்தைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான்: இனி நஸீறாவை எங்கே வைப்பது? 'வைப்பது' என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். புது ஃபிரிட்ஜ் வாங்கினால் அதை எந்த மூலையில் வைக்கலாம் என்று வீட்டார் கூடிக் கதைப்பார்கள் அல்லவா, நாங்களும் அப்படியே கூடிக் கதைத்தோம். நஸீறாவும் ஃபிரிட்ஜ் போலவே பேசாமல் இருந்தாள்.

உறவு முறையில் அவள் எனக்கு மதினி. வயதில் என்னைவிட இளையவள், ஆனால் மூத்தவரின் மனைவி. அதனால் வாயால் பேசும்போது 'நீங்க' என்பேன், மனதுக்குள் 'அவள்'தான். இங்கே மனதுக்குள் இருப்பதைத்தான் எழுதுகிறேன்.

காத்தான்குடியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். நஸீறாவின் மூத்த மகள் நிஸ்றாவுக்கு அடுத்த ஒழுங்கையில் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவள் ஷஸ்னாவுக்கு வாழைச்சேனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. அவளுக்கு, உம்மாவும் வாப்பாவும் வாழ்ந்த வீட்டையே எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. இத்தா முடிந்ததும் வீட்டு உறுதிப் பத்திரம் எழுத வேண்டும், அதற்குப் பின்னால் நிக்காஹ். உறுதியில் கையெழுத்து விழுந்தால் வீடு ஷஸ்னாவுடையது. அதற்குப் பிறகு உம்மா எங்கே இருப்பது?

உம்மா பின் அறையில் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்வேன் என்றாள் ஷஸ்னா. இல்லை, புதுசாய்க் கலியாணம் முடித்தவர்களுக்கு நடுவில் உம்மா எதற்கு, என்னோடு வரட்டும் என்றாள் நிஸ்றா. உம்மாவை யாரும் ஏற்கமாட்டோம் என்று சண்டை பிடிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்குத்தான் உம்மா என்று இரண்டு பேர் சண்டை பிடித்ததை அங்கேதான் பார்த்தேன். அந்தச் சண்டையின் நடுவே உட்கார்ந்துகொண்டு நஸீறா சொன்ன பதில் எப்போதும் ஒன்றே: "எனக்கு எங்கயும் ஒண்டுதான்."

நஸீறாவின் தாய்மாமா கச்சி முகம்மது மட்டும் இந்தப் பதிலை ஏற்கவில்லை. இத்தா முடிந்ததும் நானே வந்து கேட்பேன், அவள் தன் வாயால் இன்ன இடம் என்று சொல்லாமல் உறுதியில் கையெழுத்து வைக்க விடமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். கிழவர் பிடிவாதக்காரர். ஆகவே நஸீறா ஒரு பதில் சொல்லியே ஆகவேண்டும். அவள் இஷ்டம் என்ன என்று எங்களுக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது என்பதுதான் பெரிய தொல்லை.

எனக்கு இன்னொரு மனக்குறையும் இருந்தது. அவள் அழவில்லை. என் காக்கா மய்யித்தாய்க் கிடந்தபோதும் அழவில்லை, எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போய்ச் சேர்ந்ததா என்று குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஆனால் அவள் என் காக்காவோடு வாழ்ந்த வாழ்க்கையையும் சொல்லத்தானே வேண்டும். கலியாணத்துக்குப் போட்ட மருதாணி அழிய முன்னரே காக்கா சவூதிக்குப் போய்விட்டார். தம்மாமில் ஏசி திருத்துகிற வேலை. ஒரு லீவில் வந்துபோனார், நிஸ்றா பிறந்தாள். இன்னொரு லீவில் வந்துபோனார், ஷஸ்னா பிறந்தாள். மற்ற லீவுகளில் வீட்டுக்கு மேல்மாடி முளைத்தது. நரைத்த பிறகு ஒருநாள், இனி எங்கேயும் போகமாட்டேன் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டார். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது ஏறக்குறைய ஒரு வருடம்.

அந்த வருடம் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பேரப்பிள்ளை கண்ட இரண்டு பேர், நேற்றுக் கலியாணம் முடித்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் தட்டுத்தடுமாறிப் படித்தார்கள். அவர் உப்புப் போத்தலை ஓரிடத்தில் வைப்பார், அவள் அதைத் தேடி எடுத்து வேறிடத்தில் வைப்பாள். ஒருநாள் என்னிடம் வந்து இரகசியமாக, "மதினி, ஒங்கட காக்கா கொறட்ட விடுறாரு, இவ்வளவு காலமும் ஒருத்தரும் எனக்குச் சொல்லல்லியே" என்றாள். நீங்கள்தானே பெண்சாதி, நாங்களா சொல்வது என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்றாள். ஒரு காலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் கதிரையில் சாய்ந்த காக்கா எழும்பவில்லை.

இத்தா தொடங்கிக் கொஞ்ச நாளில் நஸீறாவுக்கு நெஞ்சு இறுக்கம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இதயத்தில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். வாய்வு என்று நான் முன்னமே சொன்னேன். இஞ்சித் தேத்தண்ணி காய்ச்சி, ஓதின தண்ணீரும் வாங்கி, வெந்தயமும் ஊறப்போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். டொக்டர் என் இஞ்சியை மதிக்கவில்லை. மனசு சம்பந்தமான பிரிவிலிருந்து ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தப் பிள்ளையின் பெயர் கஜானி. வவுணதீவுக்காரி. ஸ்கூட்டரில் வந்து கடப்படி வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். உளவளத்துணையாளராம். நான் மாத்திரை தரப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து எடுத்தது ஒரு கட்டு வெள்ளைத் தாளும் ஒரு பேனையும்.

மனதில் வருவதை ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் எழுத வேண்டுமாம். பிழை திருத்த வேண்டாமாம். யாரும் வாசிக்கமாட்டார்களாம், தானும் வாசிக்கமாட்டாளாம். எழுதி முடித்து விருப்பமென்றால் கிழித்தும் போடலாமாம். நஸீறாவுக்கு இதில் ஒரு வரியும் விளங்கவில்லை.

"ஆரும் வாசிக்காட்டி என்னத்துக்கு எழுதுற?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத்தான் அன்ரி."

"எனக்கு நான் என்னத்த எழுதுற? நான் இஞ்சதானே இரிக்கன்."

கஜானி ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். எழுதிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதத் தெரியாதவள் என்று நஸீறாவை எண்ணிவிட வேண்டாம். எங்கள் பகுதியிலேயே நல்ல கையெழுத்து அவளுடையது. ஃபோன் வருவதற்கு முந்திய காலம் முழுவதும் சவூதிக்குக் கடிதம் எழுதியவள் அவள்தான். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்து விமானக் கடிதத்தை விரிப்பாள். ஒரு பக்கம் என் உம்மா, மறு பக்கம் அவளுடைய உம்மா, பின்னால் நான், எட்டிப் பார்த்துக்கொண்டு அடுத்த வீட்டு மாமி. தொடக்கம் எப்போதும் ஒரே மாதிரி: அன்புள்ள இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும், நாங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும். அதற்குப் பிறகு யார் யார் ஸலாம் சொன்னார்கள் என்று வரும். அதற்கும் பிறகு வரும்போது கொண்டுவர வேண்டிய சாமான்கள். கடைசியில் கொஞ்ச இடம் விட்டுக் கடிதத்தை எங்கள் பக்கம் தள்ளுவாள், ஆளுக்கு இரண்டு வரி எழுதுவோம். எனக்கு ஒரு மணிக்கூடு வேண்டும் என்று நான் எத்தனை கடிதத்தில் எழுதியிருப்பேன்.

அத்தனை பேர் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் தன் புருஷனுக்கு என்னத்தை எழுதுவாள்? சுகம் என்றுதான் எழுதுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும், சுகம் என்று எழுதுவாள். ஃபோன் வந்த பிறகும் அதே பழக்கம்தான். சுனாமி வந்து வீட்டுக்குள் நெஞ்சளவுக்குத் தண்ணீர் ஏறி, கூரையில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு இறங்கியவள், காக்கா எப்படியோ லைன் கிடைத்து எடுத்தபோது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கடல் வந்திட்டுப் போயிற்று, நாங்க சுகம், நீங்க சாப்பிட்டீங்களா என்றாள்.

இப்படிப் பழகின கை, கஜானி கொடுத்த வெள்ளைத் தாளில் வேறு எதை எழுதும்? மறுநாள் அசர் தொழுகைக்குப் பிறகு நான் போனபோது, நஸீறா மேசையில் தாளை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தாளைத் தள்ளினாள்.

"மதினி, அடியில எடம் விட்டிரிக்கன். நீங்களும் ரெண்டு வரி எழுதுங்க."

நானும் சந்தோஷமாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு முன்னாலேயே ஷஸ்னா எழுதியிருந்தாள். அடுத்த வீட்டு மாமி இப்போது கண் தெரியாதபடியால் பேத்தியைக் கொண்டு ஸலாம் எழுதுவித்திருந்தார். நான் எழுதினேன்: மதினிக்கு நெஞ்சு வலி குறைவு, நான் இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து வருகிறேன், யோசிக்க வேண்டாம்.

கஜானி அடுத்த முறை வந்தபோது நஸீறா அந்தத் தாளைப் பெருமையோடு நீட்டினாள். தான் வாசிக்க வரவில்லை என்று அந்தப் பிள்ளை சொல்லிப் பார்த்தாள், நஸீறா கேட்கவில்லை. வாசித்துக்கொண்டு போனவளின் முகத்தில் முதலில் குழப்பம், பிறகு சிரிப்பை அடக்குகிற பாடு. கடைசியில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "இதில ஆருக்கு எழுதினீங்க எண்டே இல்லையே அன்ரி?"

நீதானே எனக்கு எழுதச் சொன்னாய், எனக்கு நானே எப்படிப் பெயர் போடுவது என்று நஸீறா கேட்டாள். போடலாம், போட்டுத்தான் எழுத வேண்டும் என்றாள் கஜானி. அதோடு ஒரு சட்டமும் போட்டாள்: இனிமேல் அந்தத் தாளில் வேறு எவரும் கை வைக்கக் கூடாது. என்னைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என் காக்காவுக்குப் போன ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு வரி எழுதியவள் நான். நான் இல்லாமல் இந்தக் குடும்பத்தில் ஒரு கடிதமா?

அன்றைக்கு மாலையில் நஸீறா புதுத் தாளை எடுத்தாள். நான் சட்டத்தை மீறவில்லை, கையும் வைக்கவில்லை. கண்ணை மட்டும்தான் வைத்தேன். அன்புள்ள நஸீறாவுக்கு நஸீறா எழுதிக்கொள்வது என்று தொடங்கியிருந்தாள். அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு சுகம். நீங்கள் சுகமா? தன்னைத் தானே 'நீங்கள்' என்று மரியாதையோடு கேட்டிருந்தாள். பிள்ளைகள் ஸலாம் சொன்னதாகத் தனக்கே அறிவித்திருந்தாள். அடியில், வரும்போது பால்மா டின் கொண்டுவரவும் என்றும் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் தான் எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். காக்கா மௌத்தான பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கஜானி அடுத்த முறை வந்து கேள்விப்பட்டுச் சிரிக்கவில்லை. நல்லது, கடிதம் வந்துவிட்டது, இனிப் பதில் போட வேண்டியதுதானே முறை என்றாள். சுகமா என்று ஒருவர் அக்கறையாய்க் கேட்டு எழுதியிருக்கிறார், அவருக்கு உண்மையான பதிலைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது எங்களுக்குள் பெரிய மரியாதைக் கேடு. அந்தப் பிள்ளை நஸீறாவைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. நாட்கணக்காகத் தாள் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. நஸீறா பேனையைத் திறப்பாள், மூடுவாள், குசினிக்குள் போய் மீன் கழுவுவாள். மீனே இல்லாத நாளிலும் போய்ச் சட்டி கழுவுவாள். ஒருநாள் நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, சொகமில்ல எண்டு கடிதத்துல எப்படி எழுதுற?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று வாயெடுத்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. எங்கள் கடிதங்களில் ஒருவருக்கும் சுகமில்லாமல் போனதே கிடையாது. என் உம்மா படுக்கையில் கிடந்த காலத்திலும் உம்மா சுகம், ஸலாம் சொன்னா என்றுதான் போனது.

"சொகமில்ல எண்டு எழுதுற" என்றேன்.

"மறுகா?"

"மறுகா என்னகா, ஏன் எண்டு எழுதுற."

அவள் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டில் பகல் நேரத்தில் அறைக் கதவு சாத்தியதை நான் கண்டதில்லை. முருங்கையிலையை அப்படியே வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன். பேனை தாளில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, நிற்காமல் கேட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அசருக்குப் பிறகு கதவு மூடும். என்ன எழுதினாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் தாளைக் கிழித்துப் பின் அடுப்பில் போட்டு, அதன் மேலே சோற்றுப்பானையை ஏற்றினாள். நான் அடுப்படியில் எவ்வளவு நேரம் நின்று பார்த்திருக்கிறேன். சாம்பல் ஒன்றும் சொல்லவில்லை.

தாளைத்தான் எரித்தாள், ஆனால் எழுதிப் பழகிய வாய் என்று ஒன்று உண்டாகிவிட்டது. தேத்தண்ணி நல்லா இனிக்கிறது, எனக்கு இவ்வளவு சீனி பிடிக்காது என்று ஒருநாள் சொன்னாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அதே சீனியைக் குடித்தவள். மய்யித்து வீட்டுக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்க வந்த ஒரு பெண்ணிடம், எனக்கு இப்போது கதைக்க ஏலாது, இன்னொரு நாளைக்கு வாருங்கள் என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, என் இஞ்சித் தேத்தண்ணி தொண்டையை எரிக்கிறது, இனி வேண்டாம் என்று சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருந்ததை அவள் கவனித்தாளா என்று அறிய நாலாம் நாள் போனேன். நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் எங்கே இருப்பாய் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. நிஸ்றா வந்து கேட்டால், பார்ப்போம் என்றாள். ஷஸ்னா அழுதால், தலையைத் தடவினாள். 'எங்கயும் ஒண்டுதான்' என்பதை மட்டும் இப்போது சொல்வதில்லை. அது நல்லதா கெட்டதா என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இத்தா முடிந்தது. குளித்து, உடுப்பு மாற்றி, துஆ ஓதி முடித்த அன்று பின்னேரம் கச்சி முகம்மது மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து நடுக்கதிரையில் அமர்ந்தார். நிஸ்றாவும் அவள் புருஷன் றிஷாட்டும் ஒரு பக்கம். ஷஸ்னா கதவு நிலையில். நான் நஸீறாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மாமா சுற்றி வளைக்கவில்லை.

"சொல்லு புள்ள. ஊட்ட எழுதிக் குடுத்திட்டு நீ எங்க இரிக்கப்போறா?"

நஸீறாவின் கை நெஞ்சுக்குப் போனது. வலி வந்துவிட்டது, இனி 'சுகம், எங்கயும் ஒண்டுதான்' என்று பழைய பாட்டைப் பாடப்போகிறாள் என்று நினைத்தேன். என் கை தானாகவே அவள் முதுகைத் தடவப் போனது. அவள் மூச்சை இழுத்து விட்டுப் பேசினாள்.

"நான் ஆத்தங்கர ஊட்டுக்குப் போறன் மாமா."

ஆற்றங்கரை வீடு என்றால், நஸீறாவின் உம்மா தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசிக் காலத்தில் இருந்த வீடு. நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவிக் கரையோரம், இரண்டு அறையும் ஒரு குசினியும். அவர் மௌத்தான பிறகு பழைய பலகையும் சீமெந்துச் சாக்கும் போட்டு வைக்கிற இடமாகிவிட்டது. நிஸ்றா எழும்பியே விட்டாள். உம்மாவைத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் சொல்லும், வாழைச்சேனைச் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்று படபடவென்று கேட்டாள். அங்கே கரண்டு வயர் எல்லாம் போய்விட்டது, கக்கூஸ் கதவும் இல்லை என்று றிஷாட் கணக்கெடுத்தான். தனியாக ஒரு பெண் எப்படி இருப்பது என்று நானும் என் பங்குக்கு ஆரம்பித்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தோம். நஸீறா நாங்கள் கதைத்து முடியும் மட்டும் இருந்தாள்.

"கதவு போடலாம்" என்றாள். "துரத்தினதா எண்டு ஆரும் கேட்டா என்னட்ட அனுப்புங்க, நான் சொல்றன்."

பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த ஊட்டுல நான் இரிக்கல்ல மாமா. இஞ்ச நான் வழி பாத்துக்கிட்டிரிந்தன். ரோட்டுல வேன் சத்தம் கேட்டா எழும்பி வாசலுக்குப் போவன். எயார்போட்டால வாற வேனோ எண்டு. இப்பவும் போறன். அவரு மௌத்தாகினது தெரிஞ்சும் போறன். ஆத்தங்கர ஊட்டு வாசல் தண்ணியப் பாத்த வாசல். அதால ஆரும் வாற இல்ல." அந்த இடத்தில் அவள் மாமாவை விட்டு வாசலைப் பார்த்தாள். "வந்து ஒரு வருசம்தான் இரிந்தாரு. அவருக்கு என்ன புடிக்கும் எண்டு அப்பதான் பழகிக்கிட்டு வந்தன்."

அதோடு உடைந்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள், குனிந்து, முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள். நான் மாதக்கணக்காக வழி பார்த்திருந்த அழுகை அதுதான். என் காக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று எத்தனை பேரிடம் குறை சொல்லியிருப்பேன். அது வந்தபோது என்னால் பார்க்க முடியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளைவிடச் சத்தமாக நான் அழுதேன். பிறகு இரண்டு மகள்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். றிஷாட் எழும்பி வெளியே போய், ஒரு காரணமும் இல்லாமல் மோட்டார் சைக்கிளைத் துடைத்தான்.

எங்கள் அழுகை ஓயும்வரை கச்சி முகம்மது மாமா தடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார். வாயால் சொல்லச் சொன்னது நான், சொல்லிவிட்டாள், இனி அதைப் பற்றி எவரும் அவளோடு வாதாடக் கூடாது என்று சொல்லிவிட்டு மஃரிப் தொழுகைக்குக் கிளம்பினார்.

வயர் இழுத்தாயிற்று. கக்கூஸுக்குக் கதவு போட்டாயிற்று, அதை றிஷாட்டே நின்று பார்த்துச் செய்வித்தான். உறுதி எழுதி, ஷஸ்னாவின் நிக்காஹும் முடிந்தது. கலியாண வீட்டில் சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி நஸீறாவிடம் உங்களை அனுப்பிவிட்டார்களாமே என்று மெல்லக் கேட்டாளாம். நானாகத்தான் போனேன், வாங்களேன் ஒருநாளைக்கு, நல்ல காற்று என்று அவள் அழைப்புக் கொடுத்தாளாம். ஊர் இரண்டு கிழமை கதைத்தது, பிறகு வேறு கதை கிடைத்தது. நெஞ்சு இறுக்கம் முற்றாகப் போய்விட்டதா என்றால் இல்லை. வருகிறது, வந்தால் எழுதுகிறாள். கஜானி இப்போது மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகிறாள். அக்கரையில் தெரிகிறது எங்கள் ஊர்ப் பக்கமான படுவான்கரைதான் அன்ரி, கை காட்டினால் தெரியும் என்று சொல்லிச் சிரிக்கிறாளாம்.

நான் நீண்ட நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்ச நாளில் தனிமை தாங்காமல் அவளே திரும்பி வருவாள், நான் அப்போதே சொன்னேன்தானே என்று சொல்லலாம் என்று இருந்தேன். வரவில்லை. கடைசியில் ஒருநாள் இறால் கறி ஆக்கி, சட்டியோடு நானே கிளம்பிப் போனேன். கறி கொடுக்கிற சாட்டில் நிலைமையைப் பார்த்து, கையோடு கூட்டிக்கொண்டு வருவது என்பது என் திட்டம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றெல்லாம் வழிநெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

வாவிப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீரிலிருந்து வெளிச்சம் வந்து சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொன்னாள், தலை மட்டும் நிமிரவில்லை.

"இரிங்க மதினி, இது முடியட்டும்."

சூடான சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற என்னிடம், காக்காவின் கூடப்பிறந்தவளிடம், இது முடியட்டுமாம். சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். வாவியில் ஒருவர் தோணியில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். உள்ளே பேனை ஓடிக்கொண்டிருந்தது. கறி ஆறிக்கொண்டு வந்தது. முடிந்ததா என்று கேட்க இரண்டு தரம் வாயெடுத்தேன், கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் எழும்பிப் போகாமல், அவள் வரும் வரைக்கும் அந்தப் படியிலேயே வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.